நெய்தற்றீவுக்கு இனி நிறைபடகு வேண்டா

கடல் காக்க, கரை காக்க, கரையில் காத்திருப்போரையும் காக்க.

மருதநாடு முழுதுடையானும், ஏழாற்றுக் கழனிகளுக்கு இறைவனும், குடிகளின் வழக்கைப் பிறர் வாயால் கேளாது தன் செவியாலேயே கேட்கும் கோமானுமாகிய கார்வேள் பெருமானுக்கு, அவன் தமக்கையும், நெய்தற்றீவையும் அதைச் சூழ்ந்த சிறுதீவுகளையும் அவன் ஆணையால் ஆண்டுவருபவளுமாகிய பூதிநங்கை எழுதுவிக்கும் ஓலை. நின் ஆறுகள் கரை கடவாதிருக்க. நின் களஞ்சியங்களில் எலி புகாதிருக்க. நின் அமைச்சரும் படைத்தலைவரும் ஒருவரை ஒருவர் குறைகூறாமல் ஒரு பகலேனும் கழிப்பாராக.

தீவில் யாவரும் நலம். அரசி கோதைநல்லாளும் நலம் என்று எழுதுவதே ஓலை மரபு. ஆயினும் ‘உடல் நலம்’ என்று மட்டும் எழுதுமாறு பூதிநங்கை பணித்தாள். ஓலை எழுதுபவன் எழுத்தாணியை நிறுத்தி, அரசகுலத்து ஓலையில் இப்படி அரைகுறையாக எழுதும் வழக்கம் இல்லை என்று தயங்கினான். தம்பிக்கு எழுதும் ஓலையில் தமக்கை வைத்ததே வழக்கம் என்று அவனுக்குச் சொல்லப்பட்டது. மேலும், இவ்வோலையில் யார் எதைச் சொன்னதாக வருகிறதோ அதை அவர் வாய்மொழி மாறாமல் எழுதவேண்டும் என்றும் கட்டளையாயிற்று. ஆகவே இதில் கொச்சை இருக்கும், பொறுத்தருள்க.

நீ அனுப்பிய படகு முந்தாநாள் உச்சிவேளையில் துறை சேர்ந்தது. புதுநெல் அரிசி, நெய்ச்சாடிகள், மலைத்தேன், பட்டு, யாழ் மீட்டும் இருவர், அரசிக்கு உகந்த பாலாடையப்பம் சுடும் மடைப்பள்ளிக்காரர் ஒருவர் என யாவும் குறைவின்றி வந்தன. ‘மனம் விரும்பும் நாள்வரை தங்குக’ என்னும் நின் சொல்லும் வந்தது. தீவுக்குடிகள் மகிழ்ந்தனர். பிள்ளைகள் அப்பக்காரரை அப்பொழுதே சூழ்ந்துகொண்டனர். அரசி மட்டும் மணலில் நின்று, மூட்டைகள் இறங்குவதைக் கடைசி மூட்டைவரை பார்த்தாள். “நல்லது” என்றாள். பிறகு வீட்டுக்குள் போனாள்.

தம்பி, அந்த ‘நல்லது’ என்னும் சொல்லைப் பற்றியதே இந்த ஓலை.

ஐப்பசி மழையில் நின் மகள் இளவரசி அல்லி காய்ச்சலில் மறைந்ததும், அதன்பின் அரசி உண்ணாமலும் உறங்காமலும் இருந்ததும், கடற்காற்றில் ஒரு பக்ஷம் இருந்து வந்தால் தேறுவாள் என்று மருத்துவர் சொன்னதும், தை பிறந்ததும் நீ அவளை இங்கே அனுப்பியதும் நீ அறிந்தவை. ஒரு பக்ஷம் ஒரு மாதமாயிற்று. மாதம் மூன்றாகப் போகிறது. தங்கும் நாளை நீட்டிக்க வேண்டி அவள் விடுத்த ஒவ்வோர் ஓலைக்கும் நீ நிறையச் சுமந்த படகையே மறுமொழியாக அனுப்பினாய். அவள் இங்கே என்ன செய்கிறாள் என்பது மட்டும் நினக்குத் தெரியாது.

வந்த முதல் வாரம் அவள் எதுவும் செய்யவில்லை. கடலைப் பார்க்க உட்கார்த்தினால் பார்த்தாள்; உள்ளே வரச்சொன்னால் வந்தாள். சோற்றில் மணல் விழுந்திருந்தது ஒருநாள். பந்தியில் இருந்த அனைவரும் துப்பினோம். அவள் மென்று விழுங்கினாள். இன்னொரு நாள் சிப்பிப் பாறையில் நடந்து வந்தவளின் பாதம் கிழிந்து, வாசலிலிருந்து பாய்வரை சிவப்பாக அடி பதிந்திருந்தது. பணிப்பெண் அலறினாள். அரசி குனிந்து தன் காலை யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைப் போலப் பார்த்து, “ஓ, இது எனக்கா?” என்று கேட்டாள். வலிக்கிறதா என்றதற்கு, வலிக்கவேண்டிய இடம்தான், ஆனால் இன்னும் வந்து சேரவில்லை என்றாள். அவள் அழவில்லை. இந்நாள்வரை அழவில்லை.

அடுத்த வாரம் அவளாகவே வழித்துணை அதிகாரி தாழையனை அழைத்து, சுற்றியுள்ள தீவுகளைக் காணவேண்டும் என்று சொல்லியனுப்பினாள். எங்களுக்கெல்லாம் உயிர் வந்தது. தாழையனுக்கோ பிறவிப்பயனே கிட்டியது போலாயிற்று. அரசகுலத்தார் தீவுகளுக்கு உலாப்போகும் வழிகளை வகுப்பதற்கென்றே அமர்த்தப்பட்டு, ஆண்டுக்கணக்கில் வணிகர்களின் மாமியார்களை மட்டுமே அழைத்துப்போய்க் கொண்டிருந்த மனிதன் அவன். காற்றின் திசை, நீரோட்டம், நல்ல தண்ணீர் கிடைக்கும் இடம், வெயிலுக்கு ஒதுங்கும் நிழல் யாவும் கணித்து, ஒரே வட்டத்தில் இங்கே காணத்தக்க ஐந்து இடங்களையும் பார்த்துத் திரும்பும்படி அழகாக ஒரு வழி வகுத்துவந்தான்.

அரசி அதைக் கேட்டுவிட்டு வேறொரு வழி சொன்னாள். முதலில் வடக்கே உப்புத்திட்டு. அங்கிருந்து திரும்பிவந்து, தெற்கே விளக்குப்பாறை. மீண்டும் வடக்கே, உப்புத்திட்டுக்குக் கூப்பிடுதூரத்தில் உள்ள வெந்நீரூற்று. பிறகு தெற்கே கிளித்தோப்பு. ஐந்தாவதாகிய ஆமைக்கரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தாழையன் அவளிடம் எதிர்ச்சொல் சொல்லாமல் பூதிநங்கையிடம் வந்து புலம்பினான். “தாயே, வடக்கே போயிட்டு வந்து தெற்கே போயி, மறுபடி வடக்கேயா? நூல் கோக்கத் தெரியாதவன் ஊசியைக் குத்தின மாதிரில்ல இருக்கு வழி! நாலு ஊரு படகோட்டி பார்த்தா என் பேரைச் சொல்லிச் சிரிப்பானே!” என்றான். அரசி சொன்னபடியே செய்க என்று அனுப்பப்பட்டான்.

படகைச் செலுத்தியவள் சங்காயி. இத்தீவில் அவளைவிட நீரறிந்தவரும் இல்லை, அவளைவிட வாயடக்கம் இல்லாதவரும் இல்லை. உப்புத்திட்டில் இறங்கியதும் அரசி குந்தி அமர்ந்து, சுட்டுவிரலால் நிலத்தைத் தொட்டு நாவில் வைத்தாள். “கரிக்குது” என்று யாரிடமோ அறிவிப்பதுபோலச் சொன்னாள். உடனே படகுக்குத் திரும்பிவிட்டாள். விளக்குப்பாறையில் அலை அறையும் குகைவாயில் நின்று ‘ஓய்’ என்று ஒருமுறை கூவினாள்; பாறை மூன்றுமுறை திருப்பிச் சொன்னது. தலையை அசைத்துவிட்டுத் திரும்பினாள். வெந்நீரூற்றுக்குப் போகும்போது மடியில் ஒரு கோழிமுட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அதை ஊற்றில் இட்டு வேகவைத்து, உரித்து, பொழுது சாயும்வரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உண்ணவில்லை. பிறருக்குக் கொடுக்கவும் இல்லை.

சங்காயியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. “நாச்சியாரே, கோவிச்சுக்கிடாதீங்க. ஒரு முட்டையை அவிக்கவா இம்புட்டு தூரம் துடுப்புப் போட்டேன்? அதுவும் உப்புத்திட்டுக்குப் போனப்ப இந்தா இந்தக் கரைமூக்கைத் தாண்டித்தான போனோம்? அப்பவே அவிச்சிருக்கலாமே!” என்று கேட்டுவிட்டாள்.

அரசி வெகுளவில்லை. “இது மூணாவதுதான் வரணும்” என்றாள். “அவ சொன்ன வரிசை இது.”

தம்பி, அந்த வரிசை நினக்குத் தெரியும். நின் மடியில் இருந்துகொண்டு அல்லி ஒப்பித்த வரிசை அது. முதல் ஆண்டு, வாய்க்கால் தூர்வாரும் பருவம் என்று, மூவருமாக இங்கே வரவிருந்த பயணத்தை ஒத்திவைத்தாய். அன்று குழந்தைக்குத் தெரிந்தது உப்புத்திட்டு ஒன்றுதான். நிலமே உப்பாக இருக்குமாமே, நக்கிப் பார்க்கவேண்டும் என்றாள். அடுத்த ஆண்டு வடநாட்டுத் தூதர் வந்தனர். அதற்குள் பாறையில் கூவுவதும் ஊற்றில் முட்டை அவிப்பதும் சேர்ந்திருந்தன. சென்ற ஆண்டு பட்டத்து யானைக்கு மதம். அப்பொழுது கிளித்தோப்பும் ஆமைக்கரையும் சேர்ந்து, வரிசை ஐந்தாயிற்று. ஒன்றை மாற்றிச் சொன்னாலும் சண்டைக்கு வருவாள். ஐந்தாவதைச் சொல்லும்போது நின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “ஆமைக்குஞ்சு கடலுக்குப் போறதப் பாக்க நான் அப்பா தோள்லதான் போவேன். அம்மா நடந்து வரட்டும்” என்பாளாம். அரசி இதைச் சங்காயியிடம் சொன்னபோது, சந்தைவிலை சொல்லும் குரலில் சொன்னாளாம்.

கிளித்தோப்பும் பார்த்தாயிற்று. மிஞ்சியது ஆமைக்கரை. இங்கிருந்து நடந்தே போகலாம். தென்னந்தோப்பைக் கடந்தால் கரை. அங்கே அவள் இதுவரை அடிவைக்கவில்லை. அதற்கு மாறாக வேறு வேறு இடங்களைக் கேட்கத் தொடங்கினாள். சங்கு குளிப்போர் தங்கும் திட்டு, பாழடைந்த பழங்கோட்டை, எதிர்க்கரையில் நடக்கும் கொடைவிழா என ஒவ்வொன்றுக்கும் சில நாள். ஒவ்வொன்றுக்காகவும் நின்னிடம் நாள் நீட்டிப்பு. எதையும் அவள் பார்க்கவில்லை, போனாள், வந்தாள். மாசி கழியும் வேளையில், இன்னும் ஏதேனும் தீவு உண்டா என்று அவள் கேட்டபோது சங்காயி, “தாயே, கடல்ல இதுக்கு மேல தீவு இல்ல. வேணும்னா நான்தான் கூடை கூடையா மண்ணக் கொட்டி உண்டாக்கணும்” என்று சொல்லிவிட்டாள். அரசி அதற்கும் “நல்லது” என்றாள்.

இனி, நின் படகுகளைப் பற்றி.

நீயும் நின் தமக்கையும் ஆற்றங்கரையில் பிறந்தவர்கள். அரசி துறைமுகக் குடியில் பிறந்தவள். கடற்கரைக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஊர்விட்டுக் கடல்தாண்டிப் போனவர் இன்னும் சில நாள் தங்கலாமா என்று கேட்டனுப்பினால், வீட்டார் வாய்ச்சொல்லாக மறுமொழி சொல்வதில்லை, படகு அனுப்புவார்கள். அரிசியும் நெய்யும் ஏற்றிய நிறைபடகு வந்தால், அங்கேயே இரு, இங்கே உன்னைத் தேடுவார் இல்லை என்று பொருள். வெறும்படகு வந்தால், போதும், ஏறி வந்துவிடு, நீயின்றி வீடு வீடாக இல்லை என்று பொருள். மருமகள் வேண்டாதவளாகிவிட்டாலும் கணவன் வீட்டார் ஒரு கடுஞ்சொல் சொல்லமாட்டார்கள்; தாய்வீடு போனவளுக்கு நெய்ச்சாடியாக அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். இங்கே சிறுபிள்ளைக்கும் தெரிந்த இவ்வழக்கம், நான்கு நாள் வழிக்கு அப்பாலுள்ள நின் அரண்மனையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நேற்றுப் பகலுணவுக்குப் பின் அரசி பூதிநங்கையின் அருகே வந்து உட்கார்ந்தாள். “மதினி, மூணு நிறைபடகு வந்தாச்சு. நீ வேண்டாம்னு சொல்றதுக்கு இதைவிட மரியாதையா யாராலயும் சொல்ல முடியாது. அவரு நல்லவரு. என் முகத்தைப் பார்த்தா அவருக்குப் பிள்ளை முகம் வருதுபோல. எனக்கும் அப்படித்தான?” என்றாள். பிறகு, தென்கடலுக்குப் போகும் வணிகக்கலம் ஒன்று பங்குனி முழுநிலவன்று இத்துறையிலிருந்து புறப்படுவதாகவும், அதில் ஏறித் தூரத்து முத்துத்தீவுகளைக் கண்டுவரப் போவதாகவும் சொன்னாள். தாழையன் வழியும் வகுத்துவிட்டானாம். போகும் காற்றில் போனால், மீளும் காற்றுக்கு ஓராண்டு காத்திருக்கவேண்டும். மன்னனிடம் கேட்கவேண்டாமா என்றதற்கு, “அதான் அரிசி அனுப்பியிருக்காரே” என்றாள்.

அந்தக் குரலைக் கேட்ட பூதிநங்கை ஒன்று உணர்ந்தாள். அவள் போனால் திரும்பமாட்டாள். கோபத்தால் அன்று, திரும்பவேண்டும் என்பது அவளுக்கு நினைவு வராது, அவ்வளவே.

ஆதலால் நின் படகுத்தலைவன் அழைக்கப்பட்டான். இப்படகை ஏற்றியவர் யார், ஏற்றச் சொன்னவர் யார் என்று கேட்கப்பட்டது. அவன் முதலில் சிரித்தான். பிறகு, “அதை ஏன் கேக்குறீங்க தாயே! மூட்டை தூக்குறவன் நாலு பேரு சும்மா நிக்க, மன்னரே ஆத்துத்துறைக்கு வந்து ஒவ்வொரு சாடியா மூடியத் தெறந்து மோந்து பாக்குறாரு. ‘அவளுக்கு ஒரு கொறையும் வரப்படாது’ன்னு அதையே திரும்பத் திரும்பச் சொல்றாரு. பாய் விரிச்சாச்சு, படகு நகருது, அவரு விளிம்பப் புடிச்ச கைய விடல. கூடவே தண்ணியில நடந்து வாராரு. இடுப்பு வரைக்கும் வந்துட்டாரு. நான்தான் கையெடுத்துக் கும்பிட்டு, விடுங்க சாமின்னேன்” என்றான்.

அவனை அப்படியே அரசியின் முன் நிறுத்தி, மறுபடி சொல்லச் சொன்னோம். சொன்னான். அரசி கடலைப் பார்த்தபடி கேட்டாள். ‘நல்லது’ என்பாள் என்று எதிர்பார்த்திருந்தோம். “இடுப்பு வரைக்குமா?” என்று கேட்டாள். ஆம் என்றான். “அவருக்கு ஈரம் ஆகாதே. நெஞ்சுல சளி கட்டுமே” என்றாள்.

தம்பி, தை பிறந்தபின் அவள் வேறொருவரைப் பற்றிக் கவலைப்பட்டுப் பேசிய சொல் அது ஒன்றுதான். அதன்பின் அவள் எழுந்து வழக்கம்போல் உள்ளே போய்விட்டாள். தேறிவிட்டாள் என்று எண்ணற்க. நேற்றிரவும் சோறு வைத்தபடியே இருந்தது.

ஆகவே நெய்தற்றீவை ஆளும் பூதிநங்கை, மருதநாடு முழுதுடையானாகிய தன் தம்பிக்கு இடும் கட்டளை யாதெனில்:

ஆமைக்கரையில் மாசியில் இட்ட முட்டைகள் பங்குனி முழுநிலவுக்கு முன் பொரியும். குஞ்சுகள் விடியலில் மணலைக் கிழித்து வெளிவந்து, அலைவரை தாமே நடக்கும். கலம் புறப்படும் நாளும் அதுவே. அதற்குள் நீ இங்கே இருக்கவேண்டும். வாய்க்காலைத் தூர்வார மண்வெட்டி உண்டு, மன்னன் வேண்டா. தூதர் வந்தால் அமைச்சர் உபசரிப்பார். அவருக்கு அதுதான் விருப்பமும். யானைக்கு மதமென்றால் சங்கிலி இருக்கிறது. முரசும் வேண்டா, கொடியும் வேண்டா, பரிவாரமும் வேண்டா. எத்தனை நாள் தங்குவது என்று முன்கூட்டியே முடிவுசெய்யவும் வேண்டா. வந்தபின் நாள் போதாவிட்டால் இங்கிருந்தே நீட்டிக்கலாம்; யாரிடம் கேட்பது என்பதை இருவருமாகப் பேசிக்கொள்ளுங்கள். தாழையனின் வழிகாட்டல் இப்பயணத்துக்குத் தேவைப்படாது. தென்னந்தோப்பைக் கடந்தால் கரை.

இங்கே வந்து அவளுக்கு ஆறுதல் சொல்ல முயலற்க. நினக்கும் சொல்ல வராது. வந்து நின்றால் போதும்.

ஓலையை முடிக்குமுன் ஒன்று. நின் படகு திரும்பும்போதெல்லாம், அரண்மனைக்கென்று கருவாடும் உப்பும் சங்குவளையும் ஏற்றி அனுப்புவது அரசியின் வழக்கம். இன்று காலை, என்ன ஏற்றலாம் என்று படகுத்தலைவன் அவளிடம் கேட்டான். அவள் படகை ஒருமுறை முன்முனையிலிருந்து பின்முனைவரை பார்த்தாள். “ஒண்ணும் ஏத்த வேண்டாம். அப்படியே போகட்டும்” என்றாள்.

களைப்பில் சொன்னாளா, கடற்கரை வழக்கம் அறிந்தவளாகச் சொன்னாளா என்று பூதிநங்கை கேட்கவில்லை. கேட்டால் அவள் மாற்றிச் சொல்லிவிடக்கூடும். ஊரில் இருப்பவர் வெறும்படகு அனுப்பிப் பயணம் போனவரை அழைப்பதுண்டு, பயணம் போனவர் வெறும்படகு அனுப்பி ஊரில் இருப்பவரை அழைத்ததுண்டா என்று சங்காயியைக் கேட்டதற்கு அவள் துடுப்பை ஊன்றிக்கொண்டு, “அப்படி ஒரு வழக்கம் இல்ல தாயே. யாரும் இதுவரை அனுப்பினதும் இல்ல, யாரும் வந்ததும் இல்ல” என்றாள்.

இவ்வோலையைச் சுமந்துவருவது அந்தப் படகே. ஓலையன்றி அதில் ஒரு பிடி உப்பும் இல்லை. வாசித்து முடித்ததும் அரண்மனைக்குத் திரும்பாமல் அதிலேயே ஏறுக. கையில் எதுவும் எடுக்கற்க. இம்முறை நின் தோளிலும் சுமை இராது. அது தெரிந்தே வா.

சங்கு பொறித்த நெய்தற்றீவு முத்திரை இட்டு, பூதிநங்கை கைந்நாட்டு. உப்பு உள்ளவரை இக்கட்டளை செல்லும்.